சோலைக் கோரையைத் தேடிப் போறவங்களுக்கு: பழனி மலைல எங்க பார்க்கலாம், எப்படி அடையாளம் காணலாம், அதோட நிலைமை என்ன

கொடைக்கானலுக்கு செடி பார்க்கன்னு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க குறிஞ்சிக்கும் ஆர்க்கிடுக்கும்தான் வர்றாங்க, 2018-ல குறிஞ்சி பூத்தப்ப மலை ரோடு பூரா வண்டியா நின்னுச்சு, ஆனா அதே ரோட்டோரத்துல சோலை (மலை மடிப்புகள்ல இருக்கற பசுமைமாறாக் காடு) விளிம்புல ஓடைக்கு பக்கத்துல இடுப்பு உயரத்துக்கு தூர் தூரா நிக்கிற கோரைய யாரும் நின்னு பார்க்கறதில்ல. பார்த்தாலும் புல்லுன்னு சொல்லிட்டு போயிடறாங்க. அதுல எனக்கு ரொம்ப நாளா வருத்தம் உண்டு. புதுசா செடி பார்க்கக் கத்துக்கறவங்க யாராவது ஒரு கோரையில இருந்து ஆரம்பிச்சா நல்லாருக்கும்னு நினைச்சு, எப்படி போறது, எத பார்க்கறது, எத எழுதி வைக்கறதுன்னு வரிசையா சொல்றேன்.

எடுத்துக்கற செடி கேரெக்ஸ் பாக்கன்ஸ். ஏன் இதுன்னா, கேரெக்ஸ்ங்கற கோரைப் பேரினத்துல உலகம் பூரா கிட்டத்தட்ட 2000 இனம் இருக்கு, பல இனங்கள பிரிச்சு சொல்றதுக்கு வருசக்கணக்கா பழகினவங்களே லென்ஸ் வச்சு திணறுவாங்க, ஆனா இது ஒண்ணு மட்டும் காய் பழுத்துச்சுன்னா பளபளன்னு சிவப்பா மாறிடும், புது ஆளுக்கும் சட்டுன்னு கண்ணுல படும். இமயமலைல இருந்து இலங்கை வரைக்கும், கிழக்க சீனா, தென்கிழக்கு ஆசியா வரைக்கும் பரவி இருக்கற செடி. நம்ம பக்கம் பழனி மலை, நீலகிரி, ஆனைமலை மாதிரி உயரமான இடங்கள்ல சோலை ஓரத்துல இருக்கு. 1834-ல நீஸ்ங்கிற ஜெர்மன் தாவரவியலாளர் இதுக்கு பேர் வச்சாரு. நம்ம ஊர்ல கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரா இருந்த ராபர்ட் வைட் சேர்த்து அனுப்பின கோரைச் செடிகள வச்சுத்தான் நீஸ் அப்ப வேலை பண்ணாரு. கிட்டத்தட்ட 200 வருசமா பேரோட இருக்கற செடிய நாம இன்னும் புல்லுன்னே கூப்பிட்டுட்டு இருக்கோம்.

சமவெளிக்காரங்களுக்கு கோரைன்னா பத்தமடை பாயும் வயல்ல களையா வர்ற கோரைக்கிழங்கும்தான் ஞாபகம் வரும். அதெல்லாம் சைப்பரஸ் வகை, இதுக்கு பங்காளி முறை. சைப்பரஸ் வெயிலயும் சூட்டையும் தாங்கும், கேரெக்ஸ் பொதுவா குளிர் பிரதேசத்து செடி, அதுனால தமிழ்நாட்டுல கேரெக்ஸ் பார்க்கணும்னா பெரும்பாலும் மலை ஏறித்தான் ஆகணும்.

முதல் வேலை அனுமதி. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-ல அறிவிச்சாங்க, 600 சதுர கிலோமீட்டருக்கு மேல இருக்கு, நல்ல சோலைங்க நிறைய அதுக்குள்ளதான் வருது. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம ஒரு இலையக்கூட பிடுங்கிட்டு வரக்கூடாது. பேரிஜம் ஏரி பக்கம் போகணும்னா கொடைக்கானல்லயே வனத்துறை ஆபீஸ்ல பெர்மிட் வாங்கணும், சீசன் சமயத்துல சீக்கிரம் போய் நிக்கணும். ஆனா புதுசா பார்க்கறவங்க அவ்ளோ தூரம் போகவே வேண்டாம்ங்கறது என் அபிப்பிராயம். வட்டக்கானல் ரோடு, டவுன சுத்தி இருக்கற சோலை ஓரங்கள், மழைத்தண்ணி வடியற ரோட்டோர சரிவு, இங்கயே பழகிக்கலாம், ரோட்ட விட்டு எறங்காமயே. சோலைக்குள்ள போற மாதிரி இருந்தா உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட இருக்கட்டும், காட்டெருமை ஓடை ஓரத்துலதான் மத்தியானத்துல படுத்திருக்கும், புதருக்குள்ள இருந்தா பத்தடி தூரத்துல வர்ற வரைக்கும் தெரியாது. அட்டைக்கு பேன்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்கங்க.

கையில என்ன வேணும்னா 10 மடங்கு பெருசா காட்டற லென்ஸ் ஒண்ணு, சின்ன ஸ்கேல், பென்சில், நோட்டு. பேனா வேண்டாம், மழைல கரைஞ்சுடும். போன் இருந்தா போட்டோவுக்கு போதும்.

அடுத்தது இது புல்லா கோரையான்னு முடிவு பண்றது. தண்ட கீழ் பாகத்துல ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு மெதுவா உருட்டிப் பாருங்க. புல்லுன்னா உருளும், கேரெக்ஸ்னா மூணு முனை தட்டும், உருளாது. புல்லுக்கு தண்டுல கணு கணுவா இருக்கும், கணுக்கு கணு உள்ள பெரும்பாலும் பொள்ளலா இருக்கும், கோரைத் தண்டுல அந்த மாதிரி புடைச்ச கணு தெரியாது, உள்ள பஞ்சு மாதிரி சோறு நிறைஞ்சிருக்கும். அப்புறம் தண்ட மேல இருந்து நேரா கீழ பாருங்க, புல்லுக்கு இலை ரெண்டு பக்கமா மாறி மாறி போகும், கோரைக்கு மூணு பக்கமா போகும். கடைசியா இலை தண்ட சுத்தி பிடிச்சிருக்கற உறை. புல்லுல அது பெரும்பாலும் ஒரு பக்கம் பிளந்து இருக்கும், கோரைல குழாயா மூடி இருக்கும். இந்த நாலையும் பார்த்தா போதும், ஒண்ண மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஏன்னா முக்கோணத் தண்டு இல்லாத கோரைங்களும் உண்டு. இலை ஓரத்துல விரல வச்சு மேல இருந்து கீழ இழுக்காதீங்க, ரம்பப் பல்லு இருக்கு, அறுத்துடும்.

கோரைன்னு முடிவாயிட்டா அது கேரெக்ஸான்னு பார்க்கணும், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம், இங்க கொஞ்சம் நேரம் எடுத்துக்கங்க. கேரெக்ஸ்ல ஒவ்வொரு பெண் பூவையும் ஒரு சின்னப் பை முழுசா மூடியிருக்கும், யூட்ரிக்கிள்னு சொல்லுவாங்க, பையோட நுனியில சின்ன மூக்கு நீட்டிட்டு இருக்கும், பூக்கற சமயத்துல அந்த மூக்கு ஓட்டை வழியா சூலக முடி (மகரந்தத்த பிடிக்கற நுனி) மட்டும் வெளிய வரும். இந்தப் பை இருந்தா கேரெக்ஸ், இல்லன்னா வேற கோரை, நம்ம மலைல இத விட நம்பகமான அடையாளம் கிடையாது. பாக்கன்ஸ்ல அந்தப் பை 4 மில்லிமீட்டர் கிட்ட இருக்கும், இளசுல பச்சை, அப்புறம் ஒரு மாதிரி செம்பழுப்பு, நல்லா முத்தினா ரத்தச் சிவப்பு, சிலது கருஞ்சிவப்பு வரைக்கும் போகும். கீழ உதிர்ந்து கெடக்கறதுல ஒண்ண எடுத்து நகத்தால கீறிப் பாருங்க, பழம்னு நினைச்சு கீறுவீங்க, ஆனா சதையே இருக்காது, மேல ஒரு தோலு, உள்ள காத்து, அதுக்குள்ள மூணு பட்டையோட பழுப்பா ஒரு கொட்டை. செடில இருக்கற கொத்த பிய்க்க வேண்டாம், கீழ விழுந்ததே போதும்.

கொத்தையும் பாருங்க. கேரெக்ஸ் நிறையதுல ஆண் கதிர் தனியா மேல இருக்கும், பெண் கதிர் தனியா கீழ இருக்கும். பாக்கன்ஸ்ல அப்படி இல்ல, ஒரே சின்னக் கதிர்ல நுனிப்பக்கம் ஆண், அடிப்பக்கம் பெண். பழுத்த காலத்துல நுனி மட்டும் காஞ்சு சருகா நிக்கறத பார்த்தீங்கன்னா அதுதான் ஆண் பாகம், மகரந்தம் காத்துல போய் வேலை முடிஞ்சுருச்சு. கோரைக்கு பூச்சியும் தேனும் பெருசா தேவை இல்ல, காத்தே போதும், அதுனாலதான் பகட்டா பூ வைக்காது.

கூடவே வேற கேரெக்ஸும் கண்ணுல படும். சோலை நிழல்ல செம்பழுப்பா கிளை கிளையா கொத்து விரிச்சு நிக்கறது பெரும்பாலும் கேரெக்ஸ் ஃபிலிசினா. ஓடை ஓரத்துல நீளக் கதிர் தலைகீழா தொங்கிட்டு இருந்தா கேரெக்ஸ் ஃபகோட்டாவா இருக்கலாம். சதுப்புல குட்டையா நிக்கறது கேரெக்ஸ் நூபிஜீனா. பேர் உறுதியா தெரியலன்னா "கேரெக்ஸ்" அப்படின்னு மட்டும் எழுதி வைங்க, அதுவே நல்ல பதிவுதான், தப்பான இனப் பேரோட இருக்கற பதிவ விட ரொம்ப நல்லது. பழனி மலைச் செடிகள ஃபாதர் கே. எம். மேத்யூவும் அவரோட குழுவும் வருசக்கணக்கா அலைஞ்சு சேர்த்து 1999-ல மூணு பாகமா விவரிச்சு வச்சிருக்காங்க, திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ்ல இருக்கற ராபினாட் ஹெர்பேரியம் (காய வச்ச செடிகள சேர்த்து வைக்கற இடம்) அவர் உருவாக்கினதுதான். போட்டோல தீராத சந்தேகத்துக்கு அந்த மாதிரி ஹெர்பேரியத்துல காய வச்ச மாதிரியோட ஒப்பிடறதுதான் சரியான வழி. கொடைக்கானல் பக்கத்துலயே செண்பகனூர் மியூசியமும் 1895-ல இருந்து இருக்கு, இந்த மலையோட உயிர்கள பத்தி தெரிஞ்சுக்க நினைக்கிறவங்க ஒரு தடவ போயிட்டு வரணும்.

இப்ப இடத்துக்கு வருவோம். நான் இந்தக் கட்டுரை எழுதறதுக்கே இதுதான் காரணம். செடிய கண்டுபிடிச்ச உடனே போட்டோ எடுத்துட்டு நகர்ந்துடாதீங்க, அது நிக்கிற இடத்த பத்து நிமிசம் பாருங்க. மண்ண கையில எடுத்து அமுக்கினா தண்ணி கசியுதா, வெறும் ஈரமா, காய்ஞ்சிருக்கா. மேல அண்ணாந்து பாருங்க, வானம் எவ்ளோ தெரியுது, முழு நிழலா, மரம் விழுந்த இடைவெளியா, ரோடு வெட்டினதால வந்த வெளிச்சமா. பாக்கன்ஸுக்கு கும்மிருட்டும் ஆகாது, சுட்டெரிக்கற வெயிலும் ஆகாது, சோலை விளிம்பு, ஓடை ஓரம், மரம் சாஞ்சதால கொஞ்சம் வெளிச்சம் விழற இடம், இதுதான் அதுக்கு வேணும். தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாருங்க, ஊத்தா, ஓடையா, ரோட்டுக் கல்வெர்ட்டா. சுத்தி என்ன மரம்னு பாருங்க, சோலை மரமா, சீகையா (வாட்டில் மரம்), தைல மரமா, பைனா. அப்புறம் கறுப்பு ஹோஸ் பைப் எதாவது ஓடைக்குள்ள கெடக்கான்னு பாருங்க, இத கண்டிப்பா எழுதுங்க, தோட்டத்துக்கும் தங்கற விடுதிக்கும் சோலைத் தண்ணிய மேல இருந்தே இழுத்துட்டா கீழ இருக்கற ஓடை கோடைல காஞ்சு போகும், மரம் தாங்கும், ஓடை ஓரத்துக் கோரை முதல்ல போகும்.

சோலைன்னா காடுன்னு மட்டும் நினைக்கறோம், ஆனா அது தண்ணி சேர்த்து வைக்கற இடம். பாம்பார் சோலைத் தண்ணிதான் கீழ பெரியகுளம் பக்கத்துல கும்பக்கரை அருவியா விழுது. நீலகிரில கோத்தகிரி பக்கத்துல லாங்வுட் சோலை வெறும் 116 ஹெக்டேர்தான், 2024-ல அத ராம்சார் பட்டியல்ல சேர்த்தாங்க, ஈரநிலத்துக்குன்னு இருக்கற சர்வதேசப் பட்டியல், கீழ 18 ஊருக்கு அந்தச் சோலைதான் தண்ணி. ஓடைக் கரை மண்ண பிடிச்சு வைக்கறதுல கோரையோட சல்லி வேருக்கு பெரிய பங்கு இருக்கு, ஒரு தூர புடுங்கின இடத்துல அடுத்த மழைக்கு கரை எப்படி கரையுதுன்னு பார்த்தா தெரியும். அதுனால கோரை நல்லா நிக்கிற ஓடைன்னா அங்க வருசம் பூரா ஈரம் இருக்குன்னு அர்த்தம்.

நிலைமைக்கு வருவோம், புது ஆளுங்க அதிகமா குழம்பறது இங்கதான். ஐயூசிஎன்ங்கற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட சிவப்புப் பட்டியல்ல ஒரு இனத்தோட பேர தேடறீங்கன்னு வைங்க, அழிவாபத்து குறைவுன்னு இருக்கலாம், ஆபத்துல இருக்குன்னு இருக்கலாம், தகவல் போதலன்னு இருக்கலாம், இல்லன்னா அந்த இனமே பட்டியல்ல இல்லாம இருக்கலாம். இல்லாததுக்கு அர்த்தம் இன்னும் யாரும் மதிப்பிடலங்கறதுதான், பத்திரமா இருக்குன்னு அர்த்தம் இல்ல. கோரைக் குடும்பத்துல நிறைய இனங்களுக்கு இதுதான் நிலைமை. அப்புறம் அந்த மதிப்பீடு உலகம் முழுசுக்கும் சேர்த்து பண்றது. பாக்கன்ஸ் மாதிரி இமயமலைல இருந்து தென்கிழக்கு ஆசியா வரைக்கும் இருக்கற செடிக்கு உலக அளவுல ஆபத்துன்னு சொல்ல முடியாது, ஆனா பழனி மலைல இருக்கறது ஒரு தனிக் கூட்டம், இங்க போனா இமயமலைல இருந்து நடந்து வராது.

எப்படி மதிப்பிடறாங்கன்னு கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கங்க. ஒரு வழி, செடி உண்மையில இருக்கற பரப்ப 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களா போட்டு எண்ணுவாங்க. மொத்தம் 2000 சதுர கிலோமீட்டருக்கு கீழ இருந்தா, கூடவே இடம் துண்டு துண்டா உடைஞ்சிருக்கு, தொடர்ந்து குறைஞ்சுட்டு வருதுங்கற மாதிரி நிபந்தனைகளும் பொருந்தினா, பாதிக்கப்படக்கூடியது. 500-க்கு கீழன்னா ஆபத்துல இருக்கறது, 10-க்கு கீழன்னா மிக மோசமான ஆபத்து. ஒரு கட்டம் 4 சதுர கிலோமீட்டர், அப்ப இந்த மலைங்கள்ல மட்டுமே வாழற ஒரு கோரை எவ்ளோ சீக்கிரம் அந்தக் கணக்குக்குள்ள வந்துரும்னு யோசிங்க. நீங்க எடுத்து வைக்கற ஒரு சரியான பதிவு ஒரு புதுக் கட்டத்த நிரப்பும், இல்லன்னா இருபது வருசம் கழிச்சு வர்றவங்களுக்கு இங்க முன்னாடி இருந்துச்சுன்னு சொல்லும். ரெண்டுமே வேணும்.

பழனி மலையோட பெரிய கணக்கு கவலைக்குரியது. 1970-கள்ல இருந்து நாப்பது வருச சாட்டிலைட் படங்கள ஒப்பிட்டுப் பார்த்ததுல மலை உச்சிப் புல்வெளி மூணுல ரெண்டு பங்கு காணாம போயிருக்கு, சோலையும் மூணுல ஒரு பங்கு கிட்ட குறைஞ்சிருக்கு, அந்த இடத்துல சீகையும் தைல மரமும் பைனும் விவசாயமும் வந்திருக்கு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் பூண்டும் கேரட்டும் உருளையும் போட்டு பொழைக்கிற சனங்கள நான் குறை சொல்ல வரல, அந்த மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடே வந்துச்சு, அது அவங்க உழைப்பு. ஆனா சதுப்ப வாய்க்கா வெட்டி வடிய விட்டா அங்க இருந்த கோரையும் புல்லும் திரும்ப வராது. நீலகிரில தோடர்கள் அவங்க கோயில் வேயறதுக்கு எடுக்கற சதுப்புப் புல்லு இப்படித்தான் தேடி அலைய வேண்டிய நிலைமைக்கு வந்திருக்கு. அதே சமயம் சீகை, பைன் தோப்பு எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டிட்டா சரியாயிடும்னும் நினைக்காதீங்க. பழைய தோப்புகளுக்கு கீழ நிழல்ல சோலைச் செடிங்க தானா முளைச்சு வர்ற இடங்கள் இந்த மலைல இருக்கு, வெட்டறதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு பார்க்கணும், கோரை இருக்கா, சோலை மரக் கன்னு இருக்கான்னு. புல்வெளில புதுசா பரவற சீகைய எடுக்கறதும் தோப்புக்குள்ள வர்ற சோலைய விட்டு வைக்கறதும் ரெண்டு வேற வேலை.

பதிவு எழுதறதுக்கு பெரிய விசயம் எதுவும் வேண்டாம். தேதி, இடம், உயரம், தூர் எத்தனை, பூவா காயா பழுத்ததா, ஈரம், நிழல், சுத்தி உள்ள மரம், பைப், மாடு மிதிச்ச தடம். போட்டோ நாலு எடுங்க, முழு தூரு ஒண்ணு, கொத்து ஒண்ணு, பை கிட்டத்துல ஸ்கேலோட ஒண்ணு, செடி நிக்கிற இடம் மொத்தமா ஒண்ணு. கடைசி போட்டோவத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் மாதிரி உயிரினப் பதிவு இணையதளங்கள்ல போடலாம், அரிதான ஆர்க்கிட் எதாவது அதே ஓடைல இருந்தா அந்தப் பதிவுல மட்டும் இடத்த மறைச்சுப் போடுங்க, திருடறதுக்கு ஆள் இருக்கு. கோரைக்கு அந்தப் பயம் குறைவு.

ஒரே ஓடைக்கு மழைக்கு முன்னாடி ஒரு தடவ, ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு ஒரு தடவ, பங்குனி சித்திரை வெயில்ல ஒரு தடவ போங்க. புதுப் புது இடமா ஓடறத விட இது நிறைய சொல்லிக் கொடுக்கும். கோடைல ஓடை நின்னுச்சா ஓடிச்சாங்கறதுதான் நீங்க எழுதப் போறதுலயே முக்கியமான வரி.

வீட்டுல வளர்க்கணும்னு ஆசை வந்தா சோலைல இருந்து தோண்டி எடுக்காதீங்க. சொந்த நிலத்துல ஓடை ஓடுதுன்னா ரெண்டு கரையிலயும் சில அடி தூரத்துக்கு களைக்கொல்லி அடிக்காம, மண்வெட்டி போடாம விட்டுப் பாருங்க, பக்கத்துல சோலை இருந்தா கோரை தானா வரும்.

இன்னொரு வேலை, உள்ளூர் பெரியவங்கள கேக்கறது. "ஐயா, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப இந்த ஓடை கோடைல நிக்குமா? இந்த சிவப்புக் காய் கோரை இங்க இருந்துச்சா?" அப்படின்னு அவங்க வேலை முடிச்சு உக்காந்திருக்கற நேரமா பார்த்து கேளுங்க, அவசரப்படுத்தாதீங்க, சொன்னத அவங்க வார்த்தையிலயே எழுதுங்க. இந்த நோட்டு எங்க போய் சேரணும்னா, 2002 பல்லுயிர் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலயும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுதணும். அதுல மூலிகை வந்துரும், மரம் வந்துரும், கோரை பொதுவா வராது. உங்க ஊராட்சி ஆபீஸ்ல போய் பதிவேட்ட கேட்டுப் பாருங்க, ஓடை பேரோட, தேதியோட, போட்டோவோட கேரெக்ஸ் பாக்கன்ஸ அதுல சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்க, கொடுத்ததுக்கு ஒரு ரசீதும் வாங்கிக்கங்க.